இரத்மலானையிலிருந்து பலாலி: 329 கிலோமீற்றருக்கு எவ்வளவு நேரம்?

போன கிழமை ஸ்காபரோவிலிருந்து தம்பி கோல் எடுத்தான், சித்தப்பாவின் மூத்த மகன். ஓகஸ்டில் நல்லூர்த் தேருக்கு வருகிறானாம். "அண்ணா, கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் பிளேனில 25 நிமிசம்தானாம், நெற்றில போட்டிருக்கு. நான் வந்து இறங்கின உடன அதிலயே ஏறிப் போனா என்ன?" என்று கேட்டான். நான் 2007இலிருந்து வெள்ளவத்தையில் இருக்கிறேன், இந்தப் பாதையில் பஸ், ரயில், வான், பிளேன் எல்லாவற்றிலும் போய் வந்திருக்கிறேன், 25 நிமிடத்தில் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அவன் சொன்ன எண் காற்றிலிருந்து வந்ததும் இல்லை. அது எங்கிருந்து வருகிறது, உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும், ஏன் ஆகும் என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கி அது நீண்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற பலரும் இதே கேள்வியைக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தூரம். இதற்கு இணையம்கூடத் தேவையில்லை, ஒரு அற்லஸ் போதும். கொழும்புக்குத் தெற்கே இருக்கிற இரத்மலானை விமான நிலையம் வட அகலாங்கு 6 பாகை 49 கலையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி 9 பாகை 47 கலையில். நெட்டாங்கைப் பார்த்தால் ஒன்று 79 பாகை 53 கலை, மற்றது 80 பாகை 4 கலை. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்குக் கோட்டில், ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது. இப்படி இரண்டு இடங்கள் வடக்குத் தெற்காக இருந்தால் தூரம் கணக்கிடுவது மிகவும் சுலபம், ஏனென்றால் கடல் மைல் என்ற அளவே அகலாங்கின் ஒரு கலையை வைத்துத்தான் உண்டானது. 9 பாகை 47 கலையிலிருந்து 6 பாகை 49 கலையைக் கழித்தால் 2 பாகை 58 கலை, ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 178 கலை. அவ்வளவுதான், 178 கடல் மைல். ஒரு கடல் மைல் 1852 மீற்றர் என்பதால் பெருக்கிப் பார்த்தால் 329 கிலோமீற்றர் சொச்சம் வரும். பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் அகலாங்கு, நெட்டாங்கு என்று மனப்பாடம் செய்தபோது இது எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை நான் இன்னும் விரும்பிப் படித்திருப்பேன்.

இனி அந்த 25 நிமிடம். தூரம் கணிக்கிற தளங்கள் பலவற்றில் எந்த இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தாலும் ஒரே வேகத்தால் வகுத்துவிடுவார்கள், பெரிய ஜெற் விமானம் உயரத்தில் பறக்கிற மணிக்கு 800 கிலோமீற்றர் அளவான வேகம். 329ஐ 800ஆல் வகுத்து நிமிடமாக்கினால் 25 நிமிடம்தான். சில தளங்கள் ஏறி இறங்குவதற்கென்று அரை மணித்தியாலம் கூட்டிக் காட்டும், அப்போது 55 நிமிடம் என்று வரும். லண்டனுக்கும் ரொரன்ரோவுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரலாம். எங்கள் பாதையில் ஜெற் ஓடுவதில்லை, இங்கே ஓடுவது காற்றாடி வைத்த சிறிய விமானங்கள்.

இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில் அண்மைக் காலத்தில் அதிகம் பேர் ஏறியிருக்கக்கூடியது செஸ்னா கரவான் வகை விமானம், ஒற்றை எஞ்சின், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். அது நன்றாக ஓடினால் மணிக்கு 320, 340 கிலோமீற்றர். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற ஏ.ரி.ஆர். 72 அதைவிடப் பெரியது, மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும். ஆகவே கரவானில் 329 கிலோமீற்றர் என்றால் வானத்தில் மட்டும் சரியாக ஒரு மணித்தியாலம். இதற்கு மேல் ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போகிற நேரம், மேலே ஏறும்போது வேகம் குறைவதால் போகிற நாலைந்து நிமிடம், இறங்கும்போது சுற்றி வருகிற நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு மணித்தியாலம் பத்து, பதினைந்து நிமிடம் வரும். பெரும்பாலும் அட்டவணையிலும் அப்படித்தான் இருக்கும். இதுதான் தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில், 25 இல்லை, 75.

அந்தப் பத்து பதினைந்து நிமிடம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். நேர் வடக்கிலிருந்து மூன்று நான்கு பாகை மட்டும் கிழக்கே சாய்ந்த கோடு அது. 40 கிலோமீற்றர் போனதும் அந்த நூல் எங்கே தொடுகிறது தெரியுமா? கட்டுநாயக்காவுக்கு மேலே, விமான நிலையத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் தள்ளி. நாட்டின் பெரிய விமானங்கள் எல்லாம் ஏறி இறங்குகிற இடத்துக்குக் குறுக்கே ஒரு சிறிய விமானம் தன்பாட்டில் நேராகப் போய்விட முடியாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்கிற உயரத்தில், சொல்கிற பக்கமாகத்தான் போகவேண்டும், சில நாட்களில் கடற்கரைப் பக்கமாக விலகிப் போகச் சொல்வார்கள், சில நாட்களில் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள். பிறகு வழி திறந்துவிடும். சிலாபத்தையும் புத்தளத்தையும் இடப்பக்கம் விட்டு, வில்பத்துக் காட்டுக்கு மேலாக, மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தைக் கடந்து, அப்புறம் தரையை விட்டுக் கடலுக்கு மேலே வரும். இரணைதீவு இடப்பக்கம், பூநகரி வலப்பக்கம். கடல் நீரேரியைத் தாண்டினால் யாழ்ப்பாணக் குடாநாடு. அந்த நூல் நல்லூருக்குச் சற்றுக் கிழக்கே, எங்கள் கோப்பாய்ப் பக்கமாகப் போய்ப் பலாலியில் முடிகிறது.

அடுத்தது காற்று. ஓடுபாதைகளின் இரண்டு முனையிலும் பெரிய எழுத்தில் ஒரு எண் எழுதியிருக்கும், அது அந்த ஓடுபாதை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதன் பாகை, கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். இரத்மலானையில் 04, 22. பலாலியில் 05, 23. அதாவது ஒன்று 40 பாகை, மற்றது 50 பாகை, இரண்டுமே வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் போட்ட பாதைகள். ஏன் இந்த ஒற்றுமை? விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிர்முகமாக, எங்கள் தீவில் காற்று வருவதே அந்த இரண்டு பக்கத்திலிருந்தும்தான். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை, பட்டம் ஏற்றுகிற காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். ஊரில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பெயர் வைத்து வாழ்ந்த அதே இரண்டு காற்றுகளுக்குத்தான் இந்த ஓடுபாதைகளும் போடப்பட்டிருக்கின்றன.

இது பயண நேரத்தில் எப்படித் தெரியும் என்றால், சோளக நாளில் இரத்மலானையில் தென்மேற்கே கடலைப் பார்த்து ஏறி, அப்புறம் வளைந்து வடக்கே திரும்பவேண்டும். பலாலியிலும் தென்மேற்கைப் பார்த்து இறங்கவேண்டும் என்பதால் பொதுவாக விமான நிலையத்தைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய்த் திரும்பி வரவேண்டும். இரண்டு முனையிலும் கொஞ்சம் நேரம் கூடும். ஆனால் நடு வழியில் அதே சோளகம் முதுகில் தள்ளும். வாடை நாளில் இது தலைகீழ், ஏறுவதும் இறங்குவதும் வடக்கே போகிறவருக்கு வசதி, வழி முழுக்க முகத்தில் காற்று. எதிர்காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் என்று வைத்தால் 330இல் போகிற விமானம் தரையைப் பொறுத்தவரை 290இல்தான் போகும், ஒரு மணித்தியாலம் 68 நிமிடமாகும். பின்காற்று அதே 40 என்றால் 370, 53 நிமிடம் போதும். 800இல் போகிற ஜெற்றுக்கு இந்த 40 ஒரு பொருட்டே இல்லை, சிறிய விமானத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கால் மணித்தியால வித்தியாசம் அது.

உயரமும் அப்படித்தான். கரவானில் பெரிய விமானங்களைப் போல உள்ளே காற்றழுத்தம் வைத்துக்கொள்ளும் வசதி இல்லை, அதனால் 10,000 அடி அளவில்தான் பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் எழும்புகிற இடிமுகில்கள் அதைவிட மூன்று நான்கு மடங்கு உயரமானவை. மேலால் தாண்ட முடியாது, சுற்றித்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் புறப்படாமலே இருக்கவேண்டும். பின்னேரத்தைவிட விடியப் போகிற விமானத்தை எடுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

போன தைப்பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் மடக்கி வைத்திருந்தால் அடுத்த இரண்டு நாள் எழும்ப மாட்டார். இரத்மலானையில் பை நிறுக்கிற தராசில் ஆட்களையும் ஏற்றி நிறுத்தார்கள். அம்மாவுக்கு வெட்கம். "என்னையும் நிறுக்கிறாங்களோடா" என்று என் கையைப் பிடித்தார். அங்கே நின்ற பிள்ளை, "பாக்கையும் கையில வச்சுக்கொண்டே ஏறுங்கோ அம்மா, ரெண்டையும் சேத்துப் பாப்பம்" என்று மெதுவாகச் சொன்னாள். கைத்தடி ஒரு கையில், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கற் பை மறு கையில், அம்மா ஏறி நேராக முன்னாலே பார்த்துக்கொண்டு நின்றார், படம் எடுக்க நிற்பதைப் போல. அந்த விமானம், எரிபொருள், ஆட்கள், பைகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4 தொன்னுக்குள் இருக்கவேண்டும், அதனால் ஒருவருக்கு 10 கிலோ கூடினாலும் கணக்குப் பார்ப்பார்கள், யார் எந்த இருக்கையில் என்பதையும் அதை வைத்துத்தான் சொல்வார்கள். பொதி அளவும் இறுக்கம்தான். ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம், நாலு கிலோ மிளகாய்த்தூள், ஒடியல், பனாட்டு என்று கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் பெட்டியைப் பஸ்ஸில் போட்டுவிட்டுத் தாங்கள் விமானத்தில் வருவது நல்லது.

சரி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்த்தால் எவ்வளவு? அன்றைக்கு நாங்கள் வெள்ளவத்தையில் காலை ஆறு மணிக்கு ஓட்டோ ஏறினோம். காலி வீதியால் இரத்மலானை ஏழெட்டுக் கிலோமீற்றர்தான், அந்த நேரத்தில் நெரிசல் இல்லை, இருபது நிமிடம். ஏழரைக்கு விமானம். எட்டே முக்காலுக்குப் பலாலியில் தரை தட்டியது. பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாமாவின் ஓட்டோவில் கோப்பாய் வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்பதரை. மூன்றரை மணித்தியாலம். இதில் காற்றில் இருந்தது ஒன்றேகால்.

பஸ்ஸில் என்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வீதி, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி. வெள்ளவத்தையில் இரவு எட்டு, ஒன்பதுக்கு ஏறினால் விடிய ஐந்துக்கு யாழ்ப்பாணம். ரயிலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், கோட்டையிலிருந்து 398 கிலோமீற்றர், எந்த ரயில் என்பதைப் பொறுத்து ஆறரையிலிருந்து எட்டு மணித்தியாலம் வரை. ஆக விமானத்தில் வானத்து நேரம் பஸ்ஸின் ஏழில் ஒரு பங்குதான், வீட்டுக்கு வீடு பார்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரவு பஸ்ஸில் தூங்கத் தெரிந்தவருக்கு அந்த மிச்சமும் பெரிதாகத் தெரியாது, ஒரு பகல் கையில் இருக்கும். விமானம் வாரத்தில் எல்லா நாளும் இருக்குமென்று நம்பவும் கூடாது, அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை போகவேண்டியவர் விமானத்துக்காகத் திங்கள்வரை காத்திருந்தால் அந்த மூன்று நாளையும் பயண நேரத்தில்தான் சேர்க்கவேண்டும்.

இந்தப் பாதைக்கு வயது அதிகம், அதையும் தம்பிக்குச் சொன்னேன். இரத்மலானை 1935இல் திறந்தது, கட்டுநாயக்கா வருமுன் நாட்டின் சர்வதேச விமான நிலையமே அதுதான். பலாலி இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது அது போன பாதை இரத்மலானை, யாழ்ப்பாணம், சென்னை. வரைபடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும், மூன்றும் ஒரே கோட்டில் வடக்கே வடக்கே இருக்கின்றன. பலாலியிலிருந்து சென்னை 354 கிலோமீற்றர், இரத்மலானை 329. யாழ்ப்பாணம் கொழும்புக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது என்பதை ஊரில் எல்லோரும் சொல்வோம், அளந்து பார்த்தாலும் அது சரியாகவே இருக்கிறது. திருச்சி இன்னும் கிட்ட, 184 கிலோமீற்றர். அன்றைக்குப் போன டகோட்டா விமானம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போகும். இன்றைய கரவானும் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. 1947இல் இரத்மலானையில் ஏறியவருக்கும் இன்று ஏறுகிறவருக்கும் வானத்தில் செலவாகும் நேரம் அதிகம் மாறவில்லை.

மாறியது தரையில் இருந்த நேரம்தான். 1990இல் போரால் ரயில் நின்றது, பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்களும் அந்த வருடத்தில்தான் வீடு வாசலை விட்டு எழும்பினார்கள், அந்தக் காணிகளில் ஒரு பகுதிக்கு இன்னும் திரும்பிப் போக முடியவில்லை. இந்த ஓடுபாதையைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் விழுந்து அதிலிருந்த 55 பேரும் போய்விட்டார்கள். நான் மேலே சொன்ன அதே நூல் கடலைத் தொடுகிற பகுதி அது. அந்தக் கடலுக்கு மேலே வரும்போது அம்மா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வார்.

2006 ஓகஸ்டில் ஏ9 மூடியபின் குடாநாட்டை விட்டு வெளியே போக விமானமும் திருகோணமலைக் கப்பலும்தான். நான் 2007இல் கொழும்புக்கு வந்தது விமானத்தில். வெளியே போக அனுமதி எடுக்க ஒரு கிழமைக்கு மேல், ரிக்கற்றுக்குப் பிறகும் காத்திருப்பு. போகிற நாளில் விடிய நாலரைக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன், பட்டணத்தில் ஒரு இடத்தில் கூடி, பையைக் கொட்டிச் சோதித்து, பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, திரும்பவும் சோதித்து, பலாலியில் வெயிலுக்குள் இருந்து, விமானம் ஏறியபோது பின்னேரமாகிவிட்டது. இரத்மலானையில் இறங்கி அறைக்குப் போனபோது இரவு. அதே 329 கிலோமீற்றர்தான், அன்றைக்கு ஒரு முழு நாளும் அதற்கு முன்னால் பல நாட்களும் எடுத்தது. யாராவது பயண நேரம் என்று சொன்னால் எனக்கு முதலில் அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால்தான் தரையில் போகிற நேரத்தை எண்ணாமல் விடுகிற கணக்கு எதையும் நான் நம்புவதில்லை.

போருக்குப் பிறகு வீதி திறந்தது, 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, 2019 ஒக்டோபரில் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறந்து அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்றது 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. இரத்மலானையும் 2022இல் மறுபடி சர்வதேச விமானத்தை ஏற்றது.

இனித் தம்பியின் விஷயம். அவன் இறங்கப் போவது கட்டுநாயக்காவில். நூலை மறுபடியும் நினைத்துப் பாருங்கள், கட்டுநாயக்கா அந்த நூலில் இரத்மலானைக்கு 40 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது, அங்கிருந்து பலாலி வெறும் 290. அவன் இரத்மலானை விமானத்தைப் பிடிக்கவேண்டும் என்றால் பெட்டிகளோடு கொழும்பு நெரிசலுக்குள்ளால் தெற்கே வந்து, இரண்டு மணித்தியாலம் செலவழித்து, பொதி கூட என்று பாதியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, அப்புறம் ஏறிப் பறந்து, தான் இறங்கிய இடத்துக்கு மேலாலேயே வடக்கே போகவேண்டும். கனடாவிலிருந்து இரண்டு பெரிய பெட்டி கொண்டு வருகிறவனுக்கு இது வேண்டாத வேலை. இரவு பதினொன்றுக்கு இறங்குகிறாய், வான் பிடித்து வைக்கிறேன், அங்கிருந்தே நீர்கொழும்பு, சிலாபம் வழியாக நேரே போ, புத்தளத்தில் ஒரு தேத்தண்ணி குடி, விடிய ஏழரை போலக் கோப்பாயில் இருப்பாய் என்று சொன்னேன். சம்மதித்துவிட்டான்.

நானும் அம்மாவும் அடுத்த நாள் காலை இரத்மலானையிலிருந்து வருகிறோம். ஓகஸ்ட் சோளகம், அதனால் விமானம் கோப்பாய்ப் பக்கமாக வந்து, பலாலியைத் தாண்டிக் கடலுக்குப் போய்த் திரும்பித்தான் இறங்கும். மாமாவுக்கு இது நன்றாகப் பழகிவிட்டது. முற்றத்தில் நின்று சத்தம் கேட்ட பிறகுதான் ஓட்டோவை ஸ்ராட் பண்ணுவார், நாங்கள் பையோடு வெளியே வரும்போது அவரும் வந்துவிடுவார். இந்த முறை தம்பியும் அவரோடு வருகிறானாம், மேலே போகிறது எங்கள் பிளேன்தானா என்று பார்க்க.